கேளுங்கள், சொல்கிறேன்: மருத்துவச்சியும் அறுபது எண்ணிக்கையும்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மாதந்தோறும் கூடி, வேடமிட்டு, ஸ்பாஞ்ச் வாளோடு கதாபாத்திரங்களாகவே நடமாடும் ‘லார்ப்’ விளையாடுகிறோம். எனக்கு மருத்துவச்சி வேடம். விழுந்தவரைத் தொட்டுப் பத்து வரை எண்ணினால் அவர் எழுந்துவிடலாம் என்றிருந்தது. இப்போது அறுபது என்று மாற்றப் போகிறார்கள். “யோசிக்காமல் எழுதிய விதி. மருத்துவர்களை விரட்டுகிறீர்கள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்” என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? சோதனை ஆட்டத்தில் சரிவில் நான்கு பேர் விழுந்தார்கள். முதல் ஆளுக்கு எண்ணி முடிப்பதற்குள் சண்டை மேட்டுக்கு ஏறிவிட்டது. மற்ற மூவரும் ஈரச் சருகில் உட்கார்ந்தே இருந்தார்கள்.
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சரிவும் நான்கு பேரும்தான் உங்கள் கருத்து. எழுதி வைத்திருக்கும் மூன்று வரிகளில் இருப்பது கோபம். அதைப் படிக்கிறவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பாரே தவிர, விதியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த விதி எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று முதலில் கேளுங்கள். நான் கபடிக் களத்தில் நடுவராக நின்றவன். புரோ கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவதில் போகிறவர் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் அவுட். வெறுமனே நேரம் கடத்துவதைத் தடுக்க வந்த விதி அது என்று தெரியாதவருக்கு அது கொடுமையாகத்தான் படும். உங்கள் ஆட்டத்திலும், பத்தே எண்ணிக்கையில் எல்லோரும் எழுந்துவிடுவதால் சண்டை முடிவதே இல்லை என்று எதிரணி அலுத்துப்போயிருக்கலாம். அந்த அலுப்பும் உங்களுடையதைப் போலவே உண்மையானது.

பிறகு இப்படி எழுதுங்கள்: “சில்வர் ஓக் சரிவில் நான்கு பேர் விழுந்தார்கள். ஒருவரைத்தான் எழுப்ப முடிந்தது. அன்று எண்ணியதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. சண்டை இழுபடக் கூடாது என்பதுதான் நோக்கம் என்றால், எண்ணுவதற்குப் பதிலாகக் காயத்தில் ஒரு முழத் துணியைச் சுற்றி முடிச்சிட வேண்டும் என்று வைக்கலாமா? அதற்கும் நேரம் பிடிக்கும், மருத்துவருக்கும் கையில் வேலை இருக்கும். அடுத்த ஆட்டத்தில் ஒருமுறை பார்ப்போமா?” இதில் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் எதையும் மழுப்பவும் இல்லை.

‘எல்லோரும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மற்ற மருத்துவர்களுக்கும் இதே வருத்தம் இருந்தால் அவரவர் பெயரில் அவரவரே எழுதட்டும். அதற்கு மதிப்பு அதிகம்.

இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் ‘ட்ரெஷர் ட்ராப்’ என்ற லார்ப் தொடங்கிய காலத்திலிருந்தே, இந்த ஆட்டத்தின் விதிகளைப் பெரும்பாலும் ஆடுகிறவர்களே எழுதி, ஆடிப் பார்த்துத் திருத்தி வருகிறார்கள். உங்கள் விதியை எழுதியவரும் அடுத்த மாதம் உங்களோடு அதே சருகில் உட்காரப் போகிறவர்தான்.

ஒன்றில் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். தலையில் அடிக்கக் கூடாது என்பதைத் தளர்த்தினாலோ, மூடுபனி இறங்கி எதிரே நிற்பவர் தெரியாத நேரத்தில் சரிவில் ஓட வைத்தாலோ, கருத்துக் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே ‘நில்’ என்று குரல் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்லுங்கள். மற்ற விதிகளைப் பற்றி ஆட்டத்தின் நடுவே வாதாட வேண்டாம். நடுவர் சொன்னபடி ஆடி முடித்துவிட்டு, பிறகு எழுதுங்கள்.

கேள்வி: நான் விதி எழுதும் பக்கம் இருப்பவன். வரும் கருத்துகளை என்ன செய்வது?
— வாசகர், ஏற்காடு

பதில்: ஏற்காதவற்றுக்கும் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள் தம்பி. பதிலே வராதவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஆட்டத்தில் ஐந்து விதிகளை மாற்றாதீர்கள். எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். மே மாதக் கோடை விழா நாட்களில் புதிய விதியைச் சோதிக்கவும் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நெருக்கியடிக்கும்போது சேலத்திலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் நேரத்துக்கு மேலே வந்து சேர மாட்டார்கள். ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள்.