நேபாளத்துக்கு ஊழியப் பயணம்: எட்டுப் பேரும் போக வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே உள்ள ஒரு சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். நேபாளத்தின் மேற்கு மலைப்பகுதியில் இருக்கும் ஒரு சபை, அங்குள்ள பெண்கள், பெண்பிள்ளைகள் மத்தியில் பத்து நாள் பணி செய்ய எங்களை அழைத்திருக்கிறது. பூஜை லீவில் எட்டுப் பேர் போக நினைக்கிறோம். ஒருவர் நர்ஸ், இருவர் தையல் ஆசிரியைகள். சுவிசேஷக் கைப்பிரதிகள், சானிட்டரி நாப்கின், துணிமணி எல்லாம் கொண்டுபோக எண்ணம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சகோதரி, முதலில் தேதியை மாற்றுங்கள். நமக்கு ஆயுத பூஜை லீவு வரும் அதே நாட்களில்தான் அங்கே தசைன். பதினைந்து நாள் திருவிழா. பள்ளிகள் மூடியிருக்கும், விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காது. அடுத்து வரும் திஹாரும் (அவர்களுடைய தீபாவளி) முடிந்தபின், நவம்பர் கடைசியில் போவது நல்லது. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. சபைகள் பெரும்பாலும் அன்றுதான் கூடி ஆராதிக்கின்றன. உங்கள் திட்டத்தில் ஞாயிறு ஆராதனை என்று போட்டிருந்தால் அதையும் திருத்துங்கள்.

அடுத்து, எட்டுப் பேர் வேண்டாம். நான்கு பேர் போதும். அந்தச் சபையில் இருக்கும் நான்கைந்து சகோதரிகள்தான் எட்டுப் பேருக்கும் சமைத்து, படுக்க இடம் ஒதுக்கி, கூடவே வந்து மொழிபெயர்க்கவும் வேண்டும். மிச்சமாகும் நான்கு பேரின் பயணச் செலவில், அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தையல் பயிற்சியாளராகச் சில மாதம் சம்பளத்தோடு வைக்க முடியும். நீங்கள் திரும்பிய பிறகும் பெண்பிள்ளைகள் போய்க் கேட்க அவள் அங்கே இருப்பாள். நமக்குப் பக்கத்து வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வைத்தியம் பார்த்ததோடு நிற்காமல் 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். வேலை இந்த மண்ணின் பெண்கள் கைக்கு வந்தது அதனால்தான். பத்து நாள் பயணத்துக்கும் அதுவே நோக்கமாக இருக்கட்டும்.

கைப்பிரதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப்போவது உங்களை அழைத்த போதகரும் அவர் மனைவியும். அதனால் எங்கே ஜெபிப்பது, எதைப் பேசுவது என்பதை அவர்களே சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

நாப்கின் விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மலைகளில் சௌபதி என்ற வழக்கம் இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணை வீட்டுக்கு வெளியே சிறு குடிசையில் படுக்க வைப்பார்கள். குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் பெண்கள் செத்திருக்கிறார்கள். நேபாள உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை விதித்தும், பிறகு சட்டம் அதைக் குற்றமாக்கியும், வழக்கம் முழுதாக ஒழியவில்லை. நம் மலையோரக் கிராமங்கள் சிலவற்றிலும் பெண்களைத் தனியே இருத்துவது உண்டல்லவா? ஆகவே அதிர்ச்சியோடு உபதேசிக்க வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். பெட்டி பெட்டியாக நாப்கின் கொண்டுபோனால் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், மலையில் பயன்படுத்தியதைப் போட இடமும் இருக்காது. உங்கள் தையல் ஆசிரியைகள் துணிப் பேட் தைக்கக் கற்றுக்கொடுக்கட்டும். துணியை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். இங்கிருந்து கொண்டுபோன துணியில் கற்றால், அது தீர்ந்ததும் தையலும் நின்றுவிடும். ஒரு நுணுக்கம்: பேட்டை வெயிலில் காயப்போடச் சொல்வது எளிது. ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று அந்தப் பெண்கள் கட்டிலுக்கு அடியிலோ, வேறு துணிக்கு அடியிலோ ஈரமாகவே போடுவார்கள், தொற்று அங்கேதான் தொடங்கும். அடுக்குகளை ஒன்றாக வைத்துத் தைக்காமல், பிரித்தால் கைக்குட்டை போல விரியும் மாதிரி பூப்போட்ட பருத்தியில் தையுங்கள். கொடியில் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது, சீக்கிரம் காயும்.

நர்ஸ் சகோதரி அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் ஊசியோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. 1988 முதல் அங்கே பெண் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், நாடு முழுவதும் சுமார் 50,000 பேர். அந்த ஊரில் இருப்பவரைக் கண்டுபிடித்து, அவர் கூட்டும் தாய்மார் கூட்டத்தில் போய் உட்காரட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். குடிசையையும் பிள்ளைகளின் முகத்தையும் போட்டோ எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸிலும் வேண்டாம். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் ஒருவராக இருக்காதீர்கள். அனாதை இல்லத்துக்கு அழைத்துப் போனால் தயங்குங்கள்: நேபாளத்தில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வந்து பார்ப்பவர்களின் காணிக்கைக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, “இந்தப் பிள்ளையை ஓசூரில் படிக்க வைக்கிறேன்”, “அந்தப் பெண்ணுக்கு அங்கே கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன்” என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. நேபாளப் பெண்பிள்ளைகளை இந்தியாவுக்குக் கடத்துகிறவர்களும் இதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். நல்ல மனதோடு நீங்கள் சொன்னால், அடுத்து வருகிறவன் சொல்வதையும் அந்தத் தாய் நம்பிவிடுவாள்.

புறப்படும் முன் ஓசூரிலோ பெங்களூரிலோ வாட்ச்மேன், ஓட்டல் வேலை செய்யும் நேபாளிக் குடும்பங்களைத் தேடிப்பிடித்துப் பழகுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் நாலு வார்த்தை நேபாளி கற்றுக்கொள்ளலாம்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் மட்டும் செல்லாது. சபை டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது என்பதால், டிக்கெட் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.