கேள்வி – பதில்: பி கம்பியை இழுக்க எந்தக் கருவி?

கேள்வி: என்னிடம் டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிதார் ஒன்று உள்ளது. மற்ற கம்பிகள் அசையாமல் ஒலிக்க, ஒரு கம்பியின் சுருதி மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும் பெடல் ஸ்டீல் கிதாரின் ஓசையை அதில் கொண்டுவர விரும்புகிறேன். இதற்கான ‘பி-பெண்டர்’ கருவிகளில் தோளில் மாட்டும் பட்டையால் இயங்குவது, இடுப்பால் இயங்குவது, உள்ளங்கையால் இயங்குவது எனப் பல வகைகள் இருப்பதாக அறிகிறேன். எதை வாங்கலாம்? கிதாரின் கட்டையை வெட்ட மனம் வரவில்லை. பெரும்பாலும் உட்கார்ந்துதான் வாசிப்பேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே பாதி விடை இருக்கிறது. இந்தக் கருவிகள் எல்லாமே இரண்டாம் கம்பியான பி-யை ஒரு முழுச் சுரம் உயர்த்தி சி ஷார்ப்பில் நிறுத்துகின்றன. அந்த வேலையை உங்கள் உடம்பின் எந்தப் பகுதியிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

இதன் தொடக்கத்தைச் சொன்னால் தேர்வு எளிதாகும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கிதார் கலைஞர் கிளாரன்ஸ் வைட், நட்டுக்கும் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படியும் பள்ளக்கட்டை) கம்பியை முறுக்கும் முறுக்காணிக்கும் இடையே கம்பியை அழுத்திச் சுருதியை உயர்த்தி வாசித்து வந்தார். உயர்ந்த சுரங்களுக்காக இடக்கை கட்டையின் பக்கம் போய்விட்டால் நட்டுக்கு அப்பால் அது எட்டாது. ஆகவே உடன் வாசித்த டிரம்ஸ் கலைஞர் ஜீன் பார்சன்ஸை அந்தக் கம்பியை இழுக்கச் சொன்னார். இன்னொருவரின் கையை நம்பியிருக்க முடியாது என்பதால், இயந்திர நுட்பம் அறிந்த பார்சன்ஸ் நெம்புகோல்களையும் ஸ்பிரிங்கையும் கொண்டு ஒரு பொறியைக் கிதாருக்குள்ளேயே அமைத்தார். தோளில் தொங்கும் பட்டையை மாட்டும் மேல் குமிழ் அதில் ஒரு நெம்புகோலாகிவிட்டது. கிதாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் பட்டை அந்த நெம்புகோலை இழுக்கும், கம்பி ஏறும். பொறிக்கு இடம் போதாமல் கிதாரின் பின்புறத்தில் கூடுதலாக ஒரு கட்டையை ஒட்டித் தடிப்பாக்கியிருந்தார்கள். வைட் 1973இல் விபத்தில் இறந்தார். அந்தக் கிதார் பின்னர் அமெரிக்க இசைக்கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டிடம் சென்றது.

இந்தப் பார்சன்ஸ்-வைட் வகைதான் இன்றும் நேர்த்தியானது என்பது என் எண்ணம். இரு கைகளும் முழுச் சுதந்திரத்துடன் இருக்கும், உயர்வும் மென்மையாக வரும். ஆனால் அதைப் பொருத்தக் கட்டையைக் குடைந்தாக வேண்டும், எடையும் கூடும். தோளில் தொங்காத கிதாரில் பட்டைக்கு இழுவிசை இராது என்பதால், உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. உங்களுக்கு இது வேண்டாம். இத்தகைய வேலையைச் செய்து பழகாத ஒருவரிடம் கிதாரைக் கொடுத்துவிட்டு, குழி அரை அங்குலம் தள்ளி விழுந்ததைப் பார்த்து நின்ற அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

ஹிப்ஷாட் நிறுவனத்தினது போன்ற இடுப்பு வகையில், பின்புறப் பட்டைக் குமிழின் பக்கம் பொருத்திய கருவியிலிருந்து நீண்டு வரும் தண்டு இடுப்பில் படிந்திருக்கும். கிதாரை நகர்த்தித் தண்டு இடுப்பில் அழுந்தும்போது கம்பி ஏறும். கட்டையைக் குடைய வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆயினும் இதுவும் நின்று வாசிப்பவருக்கே பொருந்தும்.

எஞ்சியிருப்பது உள்ளங்கை வகை. பிக்ஸ்பி நிறுவனத்தின் பாம் பெடல், டூசன்பெர்க் நிறுவனத்தின் மல்டிபெண்டர் ஆகியவை இதில் அறியப்பட்டவை. கட்டையின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் நிற்கும் சிறிய நெம்புகோலை வலக்கையின் அடிப்பகுதியால் தள்ள வேண்டும். உட்கார்ந்தும் நின்றும் வாசிக்கலாம். இதிலும் ஒரு விலை உண்டு: நெம்புகோலை எட்டும் இடத்திலேயே கை நின்றுவிடுவதால் கம்பிகளைப் பெரும்பாலும் பிரிட்ஜுக்கு அருகில்தான் மீட்ட நேரும், ஓசை கூர்மையாகும். உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து மங்கலாக வாசிக்கும் பழக்கம் இருந்தால் தொடக்கத்தில் தடுமாறுவீர்கள். இருந்தும் உங்கள் நிலையில் நான் இதைத்தான் வாங்குவேன்.

பணம் கொடுக்கும் முன் பிரிட்ஜைப் பாருங்கள். டெலிகாஸ்டரில் கம்பிகள் பொதுவாகக் கட்டையின் பின்புறத்திலிருந்து ஊடுருவி வரும். வெளியில் பொருத்தும் கருவியோ பி கம்பியைப் பிரிட்ஜின் பின்னால் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய பாணித் தகட்டின் பின்விளிம்பு உயர்ந்திருந்தால் கம்பி அதைத் தாண்டிச் செல்ல வழியில்லாமல் போகலாம். உங்கள் பிரிட்ஜின் படத்தை விற்பவருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்குகளில் மிதக்கும், கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் ட்ரெமலோ பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிதார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 247 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் பி-யை 277 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோக அதன் இழுவிசை ஏறத்தாழ 26 சதவீதம் கூட வேண்டும். 0.013 அங்குலக் கம்பியில் அது சுமார் 7 கிலோவிலிருந்து 8.8 கிலோவாகும். அந்தக் கூடுதல் இழுப்பில் பிரிட்ஜ் முன்னே சாய்ந்து மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் இறங்கிவிடும். பிரிட்ஜை மரத்துண்டு வைத்து அசையாமல் பூட்டிய பிறகே பெண்டரை நினைக்கலாம்.

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஏ கார்டைப் பிடியுங்கள், ஆனால் மூன்றாம், நான்காம் கம்பிகளை மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி, பி-யைத் திறந்தே விடுங்கள். மீட்டியவுடன் நண்பர் ஒருவரை நட்டுக்கு அப்பால் பி கம்பியை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முடிவுறாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒலி, கம்பி சி ஷார்ப்பைத் தொட்டதும் முழு ஏ மேஜராக நிறைவதைக் கேட்பீர்கள். விரல் படாத கம்பியில் இப்படியோர் ஏற்றத்தை, நட்டிலிருந்து விலகிக் கட்டையின் பக்கம் வாசிக்கும் இடக்கை எவ்வளவு முயன்றாலும் தர முடியாது. இந்த ஓசை வாரக்கணக்கில் காதில் நின்றால் வாங்குங்கள், மறந்துபோனால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதைப் போல இந்தக் கருவியால் கொடுக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முடியாது என்றே சொல்வேன். திருகாணியால் ஒரே உயரத்துக்கு அளந்து வைக்கப்பட்ட நிறுத்தம் இது, அதுவும் பெரும்பாலும் ஒரே கம்பிக்கு. கமகத்தின் நுண்ணிய அசைவுகளுக்கு விரல்நுனியின் உணர்வு தேவை. மெல்லிய கம்பிகளை மாட்டி விரலாலேயே இழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: பெண்டர் பொருத்தி ஒரு மாதமாகிறது. ஏற்றிவிட்டு விட்டால் பி கம்பி பழைய சுருதிக்குச் சரியாகத் திரும்பாமல் சற்று மாறி நிற்கிறது. கருவி பழுதா?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் நட்டைச் சந்தேகியுங்கள். ஒவ்வோர் இழுப்பிலும் கம்பி நட்டின் பள்ளத்தில் சிறிது சறுக்கும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் போன கம்பி முழுவதும் திரும்பி வராது. கம்பியைத் தளர்த்திப் பள்ளத்தில் பென்சில் முனையை நன்றாகத் தேயுங்கள், அந்தக் கரித்தூளே மசகு. தலைப்பகுதியில் கம்பியை அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியின் அடியிலும் தேய்க்க வேண்டும். பிறகு நெம்புகோலைத் தொடாமல் முறுக்காணியால் பி-யையும், முழுவதும் அழுத்திய நிலையில் கருவியின் திருகாணியால் சி ஷார்ப்பையும் டியூனர் பார்த்துச் சரிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.