பழைய ஜென்னில் எஸ்டீம் இன்ஜினை ஏற்றலாமா?

கேள்வி: அப்பா 1999-ல் வாங்கிய மாருதி ஜென் வீட்டில் நிற்கிறது. 2024-ல் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம், மறு வருஷம் அப்பா தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். இன்சூரன்ஸையும் அவர் பெயரிலேயே ஆன்லைனில் கட்டி வருகிறேன். 993 சிசி இன்ஜின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. போர்டிகோவிலேயே வண்டியைப் பிரித்து, டிங்கர், பெயின்ட் வேலை முடித்து, எஸ்டீமின் 1,298 சிசி இன்ஜினை ஏற்ற நினைக்கிறோம். அந்த இன்ஜினைப் பழைய இரும்புக் கடையில் துண்டுச் சீட்டோடு வாங்கிவிட்டேன். "ரெண்டுமே மாருதிதான், மாத்திட்டு 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வில் சொன்னா போதும்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. இன்ஜின் இன்னும் தரையில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்குச் சாதகமான ஒரே விஷயம். அது அங்கேயே இருக்கட்டும்.

மெக்கானிக் சொல்லும் 14 நாள் கணக்கு அவர் கற்பனையல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52(3) பிரிவில் அது இருக்கிறது: ஒப்புதல் இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் அனுப்ப வேண்டும். ஆனால் இது தகவல் சொல்லும் கடமைதான், மாற்றுவதற்கான அனுமதி அல்ல. தடை அதற்கு முன்பே, 52(1)-இல் உட்கார்ந்திருக்கிறது: உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் முரணாகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. உங்கள் ஆர்.சி.யில் 993 என்று இருக்கிறது. 1,298 சிசி இன்ஜினை ஏற்றிவிட்டு 14 நாளில் போய்ச் சொன்னால், செய்த தவறை நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

"ரெண்டும் மாருதி" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் ஒரு நிழல் உண்டு. 52(2)-இல் "அதே மேக், அதே டைப்" இன்ஜின் என்ற சொற்கள் வருகின்றன. அது பத்துக்குக் குறையாமல் போக்குவரத்து வாகனம் (பஸ், லாரி, டாக்ஸி போன்றவை) வைத்திருப்பவர்களுக்கு மாநில அரசு தரக்கூடிய சலுகை. ஒற்றை சொந்த வண்டிக்காரருக்கு அது பொருந்தாது. பொருந்தினாலும், மேக் ஒன்றாக இருந்தால் போதாது, டைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி கிட் போடுவதற்கான விலக்கு எரிபொருளை மாற்றுவோருக்கானது. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு இன்னொரு பெட்ரோல் இன்ஜினை வைப்பவர் அதற்குள் நுழைய முடியாது.

கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. உயர் நீதிமன்றம் விதிகளைப் பார்த்துக் கொடுத்த தளர்வை ரத்து செய்து, உற்பத்தியாளரின் மூல விவரங்களை மீறும் மாற்றத்துக்கு இடமில்லை என்றது. அதன் பிறகு "ஏரியா ஆர்.டி.ஓ. தெரிந்தவர்தான்" என்ற நம்பிக்கைக்கு மதிப்பு குறைவு.

தண்டனை அதே சட்டத்தின் 182A(4)-இல் இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, சாலைக்கு எடுத்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பிரிவு தண்டிப்பது மாற்றுவதையே.

பொல்யூஷன் சான்றிதழ் கிடைத்துவிட்டது, இன்சூரன்ஸ் புதுப்பித்தாகிவிட்டது, எனவே வண்டி சுத்தம் என்று எண்ணுவோரும் உண்டு. புகைப் பரிசோதனை மையம் சைலன்சர் வாயில் குழாயைச் சொருகி அளக்கிறது. பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்பு) வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.முக்குள் இருந்தால் பாஸ். பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் முக்கிய வார்ப்பில், என்ன நம்பர் இருக்கிறது என்று அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குனிந்து பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பார்ப்பார். அதற்குள் விபத்து நடந்தால், விபத்து வழக்கின் ஆய்வறிக்கைக்காகப் பார்ப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் தரும்படி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவானாலும், முக்கியத் தகவலை மறைத்து எடுத்த பாலிசி என்று பிரிவு 150(2)-ஐக் காட்டி அதை உங்களிடமிருந்து வசூலிக்கக் கம்பெனி கேட்கும்.

சரி, வண்டியை ஓட வைக்க என்ன வழி? இருக்கிற இன்ஜினையே பிரித்து, அதே பிளாக்கில் திரும்பக் கட்டுங்கள். ஹெட், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு சீல் எல்லாம் மாற்றினாலும் பிளாக் அதேதான், எனவே இன்ஜின் நம்பரும் அதேதான், ஆர்.சி.யில் தொட ஒன்றுமில்லை. ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு மருந்தும் பெரும்பாலும் இதுதான். போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்கு போர் அடிப்பார்கள். 72 மி.மீ. போரும் 61 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள நான்கு சிலிண்டருக்கு 0.50 ஏற்றினால் கணக்குப்படி 1,007 சிசி வரும். பயப்பட வேண்டாம், இது தேய்மானத்துக்கான பழுதுபார்ப்பு; 52-ஆம் பிரிவின் விளக்கம் "மாற்றம்" என்று சொல்வது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான். லேத் பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் அதே வகை 993 சிசி இன்ஜின்தான் போக்கு. அதற்கும் முதலில் பதிவு அதிகாரியிடம் எழுத்து மூலம் ஒப்புதல், பிறகு ஸ்பானர். இன்ஜின் வாங்கிய பில், அது எந்த வண்டியில் இருந்ததோ அதன் ஆர்.சி. நகல், அந்த வண்டியின் பதிவு ரத்து உத்தரவு அல்லது ஸ்கிராப் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஏற்றிய பின் ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யில் பதிய வைப்பார்.

துண்டுச் சீட்டில் வாங்கிய அந்த எஸ்டீம் இன்ஜினை இப்போதே பாருங்கள். பிளாக்கில் நம்பர் அடித்திருக்கும் தட்டையான இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். வயர் பிரஷ், கிரைண்டர், எமரி எதுவும் படக் கூடாது; நீங்கள் சுத்தம் செய்த கீறல் நாளை நீங்கள் அழித்த கீறலாகத் தெரியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? சுற்றியுள்ள வார்ப்பு சொரசொரப்பாக இருக்க, நம்பர் பகுதி மட்டும் வழவழப்பாகவோ கோடு கோடாகவோ இருந்தால் அது ராவப்பட்டது. அப்படியானால் விற்றுக் கைமாற்ற நினைக்காதீர்கள். போட்டோ எடுத்து, சீட்டோடு அருகில் உள்ள வக்கீலைப் பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 317(2)-இன்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. நம்பர் சுத்தமாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும் வரை எந்த ஒப்புதலையும் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பதிவு உரிமையாளர் இறந்தால் 30 நாளில் பதிவு அதிகாரிக்குத் தகவல், மூன்று மாதத்தில் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பம் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் கட்டி இப்போதாவது முடியுங்கள்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மா, உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ஆர்.சி., இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் இதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. பாலிசிதாரர் இறந்த பின் மோட்டார் பாலிசி மூன்று மாதமோ, காலம் முடியும் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் நிற்கும். இல்லாதவர் பெயரில் நீங்கள் கட்டி வரும் பிரீமியத்தைக் கிளெய்ம் வரும் அன்று கம்பெனி பார்க்கும் விதம் வேறாக இருக்கும். அது உங்கள் பெயருக்கு மாறும் வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

பெயின்ட் வேலையில், நிறம் மாற்றினால் அதுவும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பழைய நிறத்தையே அடித்தால் பிரச்சினை இல்லை. சத்தம் கூடிய எக்ஸாஸ்ட் வேண்டாம், சைலன்சருக்குத் தனி விதியே இருக்கிறது.

டேங்கைக் காலி செய்யும்போது ஒரு எச்சரிக்கை. உரிமம் இல்லாமல் விற்பனைக்கல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை வீட்டில் வைக்கலாம் என்று 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகக் கலனில்தான். ஜென் டேங்கை நீங்கள் காலி செய்யப்போவது பெரும்பாலும் மினரல் வாட்டர் கேனில் என்பதால் சொல்கிறேன்.