கார்ன் ஸ்நேக் குட்டியின் நிறம் வளர வளர மாறுமா? ‘அனெரி’ என்று வாங்கிய பாம்பின் கழுத்தில் மஞ்சள் வருவது ஏன்?

பதினான்கு மாதங்களுக்கு முன் ‘அனெரி’ என்று சொல்லி உங்களுக்கு விற்கப்பட்ட சாம்பல் நிறக் கார்ன் ஸ்நேக் குட்டியின் தாடையிலும் கழுத்திலும் இப்போது மஞ்சள் படர்கிறது என்றும், விற்றவர் வேறு ஏதோ ஒரு மார்ஃபை (மரபணுவால் அமையும் நிற வகையை) உங்கள் தலையில் கட்டிவிட்டாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் உங்களை ஏமாற்றவில்லை. சொல்லப்போனால் அந்த மஞ்சள்தான் உங்கள் பாம்பு அனெரி என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள நல்ல அடையாளம்.

நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வசிக்கிறேன். வீடுகளில் பலரும் வளர்க்கும், நஞ்சில்லாத கார்ன் ஸ்நேக்குகள் இயல்பாகவே வாழும் பகுதி இது; நியூ ஜெர்சியின் தென்பகுதியிலிருந்து புளோரிடாவின் தெற்கு முனை வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் இவை காணப்படுகின்றன. வீட்டில் இப்போது நான்கு பாம்புகளை வளர்த்து வருகிறேன். அவற்றுள் எதுவுமே வாங்கிய நாளில் இருந்த நிறத்தில் இன்று இல்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள நிறமிகளிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பாம்பின் தோலில் கறுப்பையும் பழுப்பையும் தரும் மெலனின் ஒருவகைச் செல்களிலும், சிவப்பையும் மஞ்சளையும் தரும் நிறமிகள் வேறுவகைச் செல்களிலும் உள்ளன. முட்டையிலிருந்து வெளிவரும் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டியில் கருமை போதிய அளவு இருக்கும். சிவப்பும் மஞ்சளும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில், ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவரும். அதனால்தான் எந்தத் திரிபும் இல்லாத சாதாரண கார்ன் ஸ்நேக் குட்டிகூட, சாம்பல் கலந்த பழுப்பு உடலும் இருண்ட செம்பழுப்புத் திட்டுகளுமாக மங்கலாகத் தெரிகிறது. அதே பாம்பு முழு வளர்ச்சியடைந்த பின் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். மரபணு பிறந்த நாள் முதல் ஒன்றுதான். அது அனுமதிக்கும் நிறமிகள் தோலில் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலம்தான் வேறுபடுகிறது.

‘அனெரித்ரிஸ்டிக்’ என்பதன் சுருக்கமே அனெரி. சிவப்பு நிறமி இல்லாதது என்று பொருள். இது ஓர் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். சிவப்பு இல்லாமற்போனாலும் மஞ்சள் முழுமையாக மறைவதில்லை. குட்டிப் பருவத்தில் கறுப்பும் சாம்பலும் மட்டுமே கண்ணில் படுவதால் அந்த மஞ்சளுக்கு அறிகுறியே இருக்காது. வளரும்போது அது தாடை, தொண்டை, கழுத்தின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் தேங்கி நிற்கத் தொடங்கும். இதனோடு எளிதில் குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு மார்ஃப் ‘சார்கோல்’. அதிலும் சிவப்பு தெரியாது, குட்டியும் ஏறத்தாழ இதே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், ஆனால் வளர்ந்த சார்கோலின் கழுத்தில் பெரும்பாலும் மஞ்சள் வருவதில்லை. ஆக, குட்டியாக இருந்தபோது பிரித்தறியக் கடினமாயிருந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் உங்கள் பாம்பில் வயதோடு சேர்ந்து வந்திருக்கிறது.

இதே வேறுபாடு வெண்ணிறப் பாம்புகளிலும் தொடர்வது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். மெலனின் இல்லாத ‘அமெல்’ பண்பும் அனெரியும் ஒரே பாம்பில் சேர்ந்தால் அது ‘ஸ்னோ’. குட்டியாக வெளிறிய இளஞ்சிவப்பில் இருக்கும் ஸ்னோ, வளர்ந்த பின் கழுத்தில் மஞ்சள் பூசிக்கொள்ளும். அமெலோடு சார்கோல் சேர்ந்தால் ‘பிளிஸர்டு’. அது வளர்ந்த பின்னும் ஏறக்குறைய முழு வெண்மையாகவே நின்றுவிடும்.

அமெலைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பு எளிது. கறுப்பு ஒருபோதும் வராது, கண்ணும் செந்நிறமாகவே இருக்கும், ஆரஞ்சு மட்டும் ஆழமாகிக்கொண்டு போகும். ஆனால் ‘கேண்டி கேன்’ என்ற பெயரில் வெள்ளைப் பின்னணிக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்படும் அமெல் வகையில் இதுவே ஏமாற்றமாக முடிவதுண்டு. குட்டியில் பால் வெள்ளையாக இருந்த இடங்களில் வயது ஏற ஏற ஆரஞ்சு கசியும். இந்த அமெல் மார்ஃபின் தொடக்கமும் எங்கள் மாநிலத்தில்தான் என்பதை ஒரு சிறு பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். 1953இல் இங்கே காட்டில் பிடிபட்ட ஓர் ஆண் பாம்பைக் கொண்டுதான், தோல் மருத்துவரான பெர்னார்டு பெக்டெல் இந்தப் பண்பு எவ்வாறு மரபுவழி கடத்தப்படுகிறது என்பதை வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். பல பத்தாண்டுகள் கழித்து, 2015இல், இதற்குக் காரணம் ஓசிஏ2 என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று கண்டறியப்பட்டது.

வயதோடு மிக அதிகமாக மாறுவது எது என்று கேட்டால் ‘பிளட்ரெட்’ என்பேன். பெயரைக் கேட்டுவிட்டு ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது, பெட்டியைத் திறந்து பார்த்த என் மனைவி, “இதுவா ரத்தச் சிவப்பு? தலை சாம்பலாக அல்லவா இருக்கிறது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. தலை சாம்பல், முதுகில் மங்கிய ஆரஞ்சுத் திட்டுகள், பக்கவாட்டில் கலைந்துபோன கோலம். நானும் உங்களைப் போலவே விற்றவர் மீது சந்தேகப்பட்டேன். ஆனால் வயிற்றைத் திருப்பிப் பார்த்தபோது, சாதாரண கார்ன் ஸ்நேக்கின் வயிற்றில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அதில் இல்லை. பிளட்ரெட்டைக் குட்டியிலேயே அடையாளம் காண உதவுவது அந்தக் கட்டமில்லா வயிறுதான். இரண்டாம் ஆண்டில் தலையின் சாம்பல் மறைந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் திட்டுகளின் ஓரங்கள் கரைந்து, உடல் முழுவதும் செங்கல் நிறமாகி, வயிற்றிலும் சிவப்பு இறங்கியது. இன்று அந்தக் குட்டியின் பழைய படத்தைக் காட்டினால் எவரும் நம்புவதில்லை.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் ஓர் அடிப்படை உண்டு. மார்ஃப்களுக்குப் பெயர் வைத்தவர்கள் வளர்ந்த பாம்பைப் பார்த்து வைத்தார்கள். நாம் வாங்குவதோ குட்டியை. ‘லாவெண்டர்’ குட்டியில் லாவெண்டர் நிறத்தைத் தேடினால் பழுப்புச் சாம்பல்தான் கிடைக்கும். ஆகவே வாங்கும்போது குட்டியின் நிறத்தைவிட, அதன் தாய் தந்தையின் படங்களையும் அவற்றின் மரபணு விவரங்களையும் கேட்டு வாங்குவதே பயனுள்ளது. சில மார்ஃப்களின் மரபணுவை உரித்த சட்டையைக் கொண்டே சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன.

இடைக்கால மாற்றங்களைக் கண்டு ஏமாறாமல் இருப்பதும் அவசியம். சட்டை உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு கண்கள் நீலம் பூத்து, உடல் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிடும். அந்த நாட்களில் எடுத்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சட்டை உரித்த மறுநாள், ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே வெள்ளைத் துணியின் மீது வைத்துப் படம் எடுத்துத் தேதியிட்டு வைத்தால், ஓராண்டில் மாற்றத்தின் போக்கு உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

உங்கள் பாம்பைப் பொறுத்தவரை நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ‘கேரமல்’ என்னும் மார்ஃபின் குட்டியும் அனெரியைப் போலவே தோற்றமளிக்கும், பிறகு மஞ்சளாகும். ஆனால் அதில் மஞ்சள் கழுத்தோடு நிற்காது. இப்போதைய மஞ்சள் தாடையிலும் கழுத்திலும் மட்டும் ஆழமாகிக்கொண்டு, முதுகு சாம்பலாகவே இருந்தால் அது அனெரிதான். அடுத்த மூன்று நான்கு சட்டைகளுக்குள் மஞ்சள் முதுகுக்கும் ஏறி, திட்டுகள் பழுப்பு மஞ்சளாகத் திரும்பினால், அப்போது விற்றவரிடம் பெற்றோரின் விவரத்தைக் கேளுங்கள்.