ராட் செர்லிங்: எழுத்தாளர் தயாரிப்பாளரான கதை – கேள்வி பதில்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தனி விந்தைக் கதை சொன்ன ‘ட்விலைட் ஜோன்’ தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, அவர் தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?

1924-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் பிறந்து, பிங்ஹாம்டனில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைவீரராகப் பிலிப்பைன்ஸில் போரிட்டுக் காயமடைந்தார். திரும்பி வந்து ஒஹையோவிலுள்ள ஆன்டியாக் கல்லூரியில் படித்தார். பிறகு சின்சினாட்டியில் வானொலிக்கும் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கும் எழுதினார். 1955 ஜனவரி 12 அன்று ஒளிபரப்பான ‘பேட்டர்ன்ஸ்’ என்ற நாடகம்தான் அவரை நாடறியச் செய்தது. பெருநிறுவனம் ஒன்றில் முதியவர் ஒருவரை வெளியேற்றுவதற்காக இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தும் கதை அது. பெரும் வரவேற்பைப் பெற்றதால், அதே நாடகத்தைப் பிப்ரவரி 9 அன்று நடிகர்கள் மீண்டும் நேரடியாக நடித்தார்கள். அன்றைய நேரடி நாடகங்களுக்கு அது அரிதினும் அரிது. அடுத்த ஆண்டு ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ வந்தது. அதன் பிறகு அவர் பெயரைத் தொலைக்காட்சியில் அறியாதவர் இல்லை.

கேள்வி: இவ்வளவு புகழ் பெற்ற எழுத்தாளர் தயாரிப்பாளராக வேண்டிய தேவை என்ன? எழுத்தோடு நின்றிருக்கலாமே?

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கான கேள்வி இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

1950-களில் ஒரு நிகழ்ச்சியின் முழுச் செலவையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம் ஏற்றது. நிகழ்ச்சியின் பெயரிலேயே அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதன் சார்பில் விளம்பர முகவர்கள் திரைக்கதையைப் படித்தார்கள்; தங்கள் வாடிக்கையாளருக்குப் பிடிக்காததை நீக்கச் சொன்னார்கள். எழுத்தாளர் பணம் பெற்றுக்கொண்டு கதையை ஒப்படைத்துவிட்டவர். அவருக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை.

1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. செர்லிங் அதை மனத்தில் வைத்து, 1956-இல் ஒளிபரப்பான ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்ற நாடகத்தை எழுதினார். முதல் வடிவத்திலேயே கொல்லப்படுபவரை யூத அடகுக்கடைக்காரராக மாற்றியிருந்தார். ஆனாலும் அது எந்தக் கொலையிலிருந்து பிறந்தது என்பது செய்தியாக வெளிவந்ததும், தென்மாநில வெள்ளை இனவாத அமைப்புகளிடமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. கதை நியூ இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. இறந்தவர் யாரோ ஓர் அயல்நாட்டவர் ஆனார். தெற்கை நினைவூட்டுகிறது என்பதற்காகக் காட்சியிலிருந்த கோக்கோகோலா புட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958-இல், அதே கருவை ‘எ டவுன் ஹேஸ் டர்ன்ட் டு டஸ்ட்’ என்று மீண்டும் எழுதினார். அதுவும் 1870-களின் தென்மேற்குப் பகுதிக்குத் தள்ளப்பட்டது. கொல்லப்படுபவர் மெக்சிகோக்காரர் ஆனார்.

விருதுகள் வாங்கிய எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், எழுத்துத் திறமை ஒரு வரியைக்கூடக் காப்பாற்றாது என்பதை அவர் கண்டுகொண்டார். கயூகா புரொடக்‌ஷன்ஸ் என்ற தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, நிர்வாகத் தயாரிப்பாளராக அமர்ந்து, தொடரின் உரிமையில் பங்கும் வைத்துக்கொண்டார். ‘ட்விலைட் ஜோன்’ 1959 அக்டோபர் 2 அன்று சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கியது. விளம்பரதாரர்கள் அப்போதும் இருந்தார்கள், சில்லறைத் திருத்தங்களும் கேட்டார்கள். கதையின் கருவில் கைவைக்க மட்டும் அவர்களால் முடியவில்லை.

கேள்வி: 156 பகுதிகளையும் அவரே எழுதினாரா?

இல்லை. 92 பகுதிகளை அவர் எழுதினார். சார்லஸ் போமான்ட், ரிச்சர்ட் மேத்திசன் போன்றோரும் எழுதினார்கள். ஒவ்வொரு பகுதியிலும் வரும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பிறருடைய உழைப்பைச் செர்லிங்கின் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: நான் இதை ஏற்கவில்லை. டில்லின் கொலையை நேராக எழுதத் துணிந்தவர், பிறகு வேற்றுக்கிரகவாசிகளின் பின்னால் ஒளிந்துகொண்டார். சமகாலச் சமூகப் பிரச்சினைகளை நாடகமாக்கப் போவதில்லை என்று, தொலைக்காட்சிப் பேட்டியாளர் மைக் வாலஸின் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார் அல்லவா?

ஒப்புக்கொண்டது உண்மை. அந்தப் பேட்டி 1959 செப்டம்பரில், தொடர் தொடங்கும் தறுவாயில் அளிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘அரசியல் பேசப் போகிறேன்’ என்று அந்த வேளையில் அறிவித்திருந்தால், விளம்பரதாரர்கள் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வரியையும் துருவியிருப்பார்கள். அவர் சொன்னதை விட்டு, செய்ததைப் பாருங்கள். ஆறே மாதத்தில், 1960 மார்ச்சில், ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ வந்தது. மின்சாரம் நின்றுபோன ஒரு தெருவில், அண்டை வீட்டாரே ஒருவரையொருவர் சந்தேகித்துக் கொலைவரை போகும் கதை அது. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் பலர் வேட்டையாடப்பட்ட மக்கார்த்தி காலத்தை வாழ்ந்து கடந்த பார்வையாளருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி (அதே நண்பர்): அந்தத் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பமாவது இருக்கிறதா? டில்லின் பெயரும் மிசிசிப்பியின் பெயரும் மறைந்தபின் எஞ்சுவது யாரையும் சுடாத பொதுவான அறிவுரைதானே?

இது வலுவான வாதம். இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. உருவகக் கதைக்கு ஒரு விலை உண்டு. பார்ப்பவன் ‘இது என்னைப் பற்றியதல்ல’ என்று சொல்லித் தப்பிக்க அது இடம் கொடுக்கிறது. மேப்பிள் தெருவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அதே 1960 ஏப்ரலில் வந்த ‘தி பிக் டால் விஷ்’ பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை வீரரையும் அவரை நம்பும் சிறுவனையும் மையமாகக் கொண்ட அந்தக் கதையின் முதன்மைப் பாத்திரங்கள் அனைவரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் கறுப்பினத்தவர்கள் என்பது கதையின் பிரச்சினையே அல்ல. சாதாரண மனிதர்களாக அவர்கள் திரையில் வாழ்கிறார்கள். அந்த ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்கு இணையைத் தேடிப் பிடிப்பது கடினம். 1961-இல் ‘டெத்ஸ்-ஹெட் ரீவிசிட்டட்’ நாஜிகளின் டாகாவ் வதைமுகாமைப் பெயர் சொல்லியே காட்டியது. 1964 மார்ச்சில் வந்த ‘ஐ ஆம் தி நைட் – கலர் மீ பிளாக்’ பகுதியில், வெறுப்பினால் பகலிலும் இருள் கவிந்த இடங்களை வானொலி வரிசையாகச் சொல்கிறது. டாலஸில் ஒரு தெருவும், இனவெறி வன்முறைக்குப் பேர்போன அலபாமாவின் பர்மிங்காமும் அந்த வரிசையில் உண்டு. டாலஸில் கென்னடி கொல்லப்பட்டு நான்கு மாதமே ஆகியிருந்தது. ஒளிந்துகொள்பவர் இந்தப் பெயர்களை எழுதமாட்டார். 1956-இல் கோக்கோகோலா புட்டியைக்கூடக் காப்பாற்ற முடியாதவர் 1964-இல் பர்மிங்காமைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முடிவெடுக்கும் நாற்காலியில் அவரே இருந்ததுதான்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி உடைந்துபோகும் அந்தப் புத்தகப் பிரியரின் கதை செர்லிங்கின் சொந்தக் கற்பனைதானே?

திரைக்கதை அவருடையது; மூலச் சிறுகதை லின் வெனபிள் எழுதியது. பெயர்ப்பட்டியலில் அது தெளிவாகவே இருக்கிறது.

கேள்வி: விமானத்தின் இறக்கையில் விலங்கு தெரியும் பகுதியை எழுதியதும் செர்லிங்தானா?

மேத்திசன். இதே வகைக் கேள்விகள் இன்னும் பல வந்துள்ளன. அவற்றுக்குத் தனித்தனியே பதில் எழுதப் போவதில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்க்கும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சென்னையில் ஒரு தொடருக்கு எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் என்னென்ன உரிமைகளைக் கேட்க வேண்டும்?

இது என் துறை அன்று. பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: அவருடைய பிற்காலத் திகில் தொடரான ‘நைட் கேலரி’ ஏன் அதே உயரத்தை எட்டவில்லை?

அது தொடங்குவதற்கு முன்பே ‘ட்விலைட் ஜோன்’ உரிமையில் தமக்கிருந்த பங்கைச் செர்லிங் சிபிஎஸ்ஸிடம் விற்றிருந்தார். மறுஒளிபரப்பில் அத்தொடர் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்க, அந்த வருமானம் அவரை விட்டுப் போயிற்று. பணத்தைவிடப் பெரிய இழப்பு அடுத்துத்தான் வந்தது. 1970 முதல் 1973 வரை என்பிசியில் ஓடிய ‘நைட் கேலரி’யில் அவர் திரையில் தோன்றிக் கதைகளை அறிமுகம் செய்தார், பல கதைகளையும் எழுதினார்; ஆனால் தயாரிப்பு அதிகாரம் ஜாக் லெயர்டிடம் இருந்தது. செர்லிங்கின் சில கதைகள் திருப்பப்பட்டன. திகில் கதைகளுக்கு நடுவே சிறு நகைச்சுவைத் துணுக்குகளை லெயர்ட் செருகினார். செர்லிங் அவற்றை வெறுத்தார். மூன்றாம் ஆண்டில் ஒரு மணி நேரம் அரை மணியாகச் சுருங்கியது. பார்வையாளரோ, திரையில் நிற்பவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நம்பினார்கள். தம் கைக்குள் இல்லாத ஒன்றுக்குத் தம் முகத்தைக் கொடுத்த நிலை அது. அந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ‘தே ஆர் டேரிங் டவுன் டிம் ரைலீஸ் பார்’ என்ற ஒரு பகுதியை மட்டுமாவது பாருங்கள். எழுத்தாளர் மங்கிப் போகவில்லை என்பது தெரியும்.

கேள்வி: கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா கல்லூரியில் மாணவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். ஓயாமல் புகைப்பவர். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 1975 ஜூன் 28 அன்று ராச்செஸ்டரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

கேள்வி: எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘பேட்டர்ன்ஸ்’ நேரடி நாடகத்தின் பதிவு இன்றும் கிடைக்கிறது; அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து மேப்பிள் தெருக் கதை, அதற்கடுத்து 1964-இன் அந்த இருள் கதை. மேலே என்னோடு வாதிட்ட நண்பரும் இந்த வரிசையிலேயே பார்த்துவிட்டு எழுதினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.