பிளாக்போர்டை எங்கே பிரிப்பது?

மகள் ‘பிளாக்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மூன்று அசையாகப் (ஒலித்துண்டாகப்) பிரிக்கிறாள், அழுத்தமும், அதாவது எந்த அசையைக் கூட்டிச் சொல்வது என்பதும், பிழையாகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்: பிளாக்-போர்ட். அசை இரண்டுதான். நாங்கள் ‘போர்ட்டு’ என்று கடைசியில் உகரம் சேர்த்துப் பழகியதால் பிள்ளைக்கு மூன்றாகக் கேட்கும். கை தட்டி எண்ணினால் பிடிபடும்.

இப்படி இரண்டு சொல் ஒட்டிவரும்போது அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில். ‘கிரீன்ஹவுஸ்’ என்று முன்னுக்கு அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரம். ‘கிரீன் ஹவுஸ்’ என்று ஹவுஸைக் கூட்டி அழுத்தினால் நல்லூரில் பச்சை பெயின்ற் அடித்த யாரோ வீடு! தமிழில் அழுத்தம் மாறிப் பொருள் மாறுவதில்லை, அதுதான் எங்கள் காதுக்குச் சட்டென்று விழாது.

‘ஆஃப்டர்நூன்’ போல சிலவற்றில் அழுத்தம் பின்னுக்கு வரும். அதற்கு அகராதிதான் வழி. அழுத்தும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு நிற்கும்.