மணமாலையும் தும்பிக்கை ‘லை’யும்

அன்புள்ள அண்ணா,

வரும் தை மாதம் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அழைப்பிதழுக்குப் பதிலாக, 1955-இல் வந்த சினிமா போஸ்டர் மாதிரி விளையாட்டாக ஒன்று செய்திருக்கிறேன். படத்தின் பெயர் ‘மறுபடியும் மணமாலை’. கீழே ‘இணையற்ற குடும்பச் சித்திரம்’ என்று போட்டிருக்கிறேன். எல்லாம் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு உடற்கூறும் தெரியாது, கலரும் தெரியாது. அந்த அமெச்சூர்தனத்தைக் கொண்டுவரத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். இருந்தாலும் பழசாகத் தெரியவில்லை என்கிறாள் தங்கை. எந்த டெக்ஸ்சர், எந்த பிரஷ் செட் வாங்கினால் சரியாக வரும்? எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, வைக்க வேண்டும்? பழைய போஸ்டர்களைப் பார்த்து வரைந்தால் காப்புரிமைச் சிக்கல் வருமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்துவிடுவேன். ஆனால் போன மாதம் என் மாமாவின் தகரப் பெட்டியைத் திறந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. அதனால் உங்கள் கடிதத்தைக் கடந்துபோக முடியவில்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 300 டிபிஐ போதும். எந்த ஒரு போஸ்டரையும் பிரதி எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து போஸ்டர்களைப் பார்த்து முறையைப் பழகி, உங்கள் கையால் வரையுங்கள். டெக்ஸ்சர் எதுவும் வாங்க வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நிற்கும் உங்கள் அம்மாவின் கண் அருமையாக வந்திருக்கிறது. உங்களுக்குக் கை இருக்கிறது. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கண்ணின் மேல் ஏன் இவ்வளவு அழுக்கு? முதலில் ஒரு பழுப்பு, அதன் மேல் மடிப்புக் கோடுகள், அதன் மேல் கிழிசல், அதற்கும் மேல் பசைக் குமிழ். மடிப்புக் கோடு தெரிவது, சுவரில் ஒட்டாமல் மடித்த கட்டாகவே கிடந்த போஸ்டரில். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து சுவரில் அப்பியதும் தாள் ஊறி மடிப்பு அமுங்கிப் போகும். அங்கே தெரிவது குமிழும் கிழிசலும்தான். நீங்கள் இரண்டையும் ஒரே தாளில் போட்டிருக்கிறீர்கள். பழுப்பும் அப்படித்தான். வெயிலில் கிடக்கும் போஸ்டரில் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும். நீலமும் கறுப்பும் மிஞ்சும். உங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் ஆறு மாதமாகத் தொங்கும் எதையாவது பாருங்கள், முகங்கள் நீலம் பாரித்திருக்கும். பழுப்பு ஏறுவது தாளில், அதுவும் காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரத்திலும் மடிப்பிலும் முதலில்.

இதெல்லாம் கிடக்கட்டும். ஒட்டின அன்று காலையில் அந்த போஸ்டர் புத்தம் புதுசு. தூரத்தில் வருகிறவனை நிறுத்த வேண்டுமென்று பளீரென்று அடித்த தாள் அது. உங்கள் அப்பாவின் கல்யாணமும் அன்றைக்குப் புதுசாகத்தானே நடக்கப் போகிறது?

இப்போது அந்த ‘அமெச்சூர்’ என்ற சொல். அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. தமிழில் முழுநீள வண்ணப்படம் வந்ததே 1956-இல். அதுவரை போஸ்டர் ஆர்டிஸ்ட் கைக்கு வந்த ஸ்டில்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கதாநாயகியின் புடவை என்ன நிறம் என்று முடிவு செய்தது அந்த மனிதர். வில்லனின் கன்னத்தில் பச்சை நிழல் விழ வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். கையில் நாலைந்து மைகள். ஆரஞ்சு வேண்டுமென்றால் மஞ்சளின் மேல் சிவப்பு விழ வேண்டும், பச்சை வேண்டுமென்றால் மஞ்சளின் மேல் நீலம். எந்த இடத்தில் எந்த மை எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்து வரைய வேண்டும். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சாகி வரும்வரை முழுப்படத்தை அவர் பார்க்கவே முடியாது. அவருக்குக் கலர் தெரியாது என்று எழுதுகிறீர்கள்.

என் தாய்மாமா சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில், அதாவது கல்லச்சு அச்சகத்தில், ஆர்டிஸ்டாக இருந்தார். தீப்பெட்டி லேபிள், காலண்டர், அவ்வப்போது சினிமா போஸ்டரின் தலைப்பு எழுத்து. கோடை விடுமுறைக்குப் போனால் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒன்றை வைத்துத்தான் லித்தோ நடக்கிறது. வழவழவென்று தேய்த்த கல்லில் எண்ணெய்ப்பசை உள்ள மையால் எழுதி, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் எழுதின இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தாளில் நேராக விழ வேண்டுமென்றால் கல்லில் இடவலமாக எழுத வேண்டும், கண்ணாடியில் தெரிவது போல. மாமா தமிழை அப்படி எழுதுவார். வலது கோடியில் ஆரம்பித்து, நாம் சாதாரணமாக எழுதும் வேகத்தில், இடது பக்கமாகப் போவார். பக்கத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். ஒரு வார்த்தை முடிந்ததும் அதைக் கல்லின் ஓரத்தில் நிறுத்தி ஒரு முறை பார்ப்பார், வைத்துவிடுவார். கை கல்லில் படாதபடி குறுக்கே ஒரு மரப்பலகை. உள்ளங்கையின் எண்ணெய் பட்டால் அதுவும் அச்சாகிவிடும். முறுக்கு தின்ற விரலோடு நான் ஒரு நாள் கல்லைத் தொட்டுவிட்டேன். மாமா திட்டவில்லை. என் கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, அந்த இடத்தை ஒரு மணி நேரம் சுரண்டிச் சரிசெய்தார்.

பெட்டியில் நான் பார்த்தது அவர் தாளில் எழுதிப் பழகிய எழுத்துகள். பக்கம் பக்கமாக ஒரே ‘லை’. தும்பிக்கையை மேலே சுருட்டிய யானை மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ‘லை’. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதுகிறேன். உங்கள் 1955-ஆம் வருஷத்துப் போஸ்டரில் ‘மணமாலை’ என்று புது லை போட்டிருக்கிறீர்கள். ‘இணையற்ற’ என்பதில் புது ணை. டெக்ஸ்சர் டெக்ஸ்சர் என்று தேடினீர்களே, உங்கள் தங்கை கண்ணுக்குப் பட்டு அவருக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

ணை, லை, ளை, னை. ணா, றா, னா. அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இந்தப் பதின்மூன்று எழுத்துகளும் இன்றுள்ள வடிவத்துக்கு அரசு ஆணையாக வந்தது 1978-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். ஆனாலும் நீங்கள் சொல்கிற காலத்துப் போஸ்டர் எழுத்தில் நான் பார்த்ததெல்லாம் தும்பிக்கைதான். ஆர்டிஸ்டுகளுக்கு அது கொண்டாட்டம். ‘மாலை’ என்று எழுதினால் அந்தத் தும்பிக்கையைப் பூச்சரமாக வளைத்துவிடலாம். ‘றா’ என்றால் கீழே சுழித்து இழுத்து அடுத்த எழுத்தோடு கோத்துவிடலாம். எழுத்தே பாதிப் படம் வரைந்துவிடும்.

இதை நீங்கள் ஃபான்ட் தேடி முடிக்கப் பார்க்காதீர்கள். யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான், வடிவம் ஃபான்ட் கையில். நான் இங்கே தட்டுகிற லையும் உங்கள் திரையில் புது லையாகத்தான் விழும். பழைய வடிவம் உள்ள ஃபான்ட் கிடைத்தாலும் அது புத்தக எழுத்தாக இருக்கும், போஸ்டர் எழுத்தாக இருக்காது. கையால் வரையுங்கள். உங்களுக்குத்தான் கை இருக்கிறதே.

கிரிட்டாவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இப்போதுள்ள நாற்பது கலரையும் தூக்கிவிட்டு நாலு லேயர் வையுங்கள்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. லேயருக்கு ஒரே மை. எல்லாவற்றையும் மல்டிப்ளையில் போடுங்கள், அப்போதுதான் மை மேல் மை விழுந்த மாதிரி கலர்கள் கலக்கும். மஞ்சளில் தொடங்கி மாமா மாதிரி யோசித்து யோசித்து ஏற்றுங்கள். ரிஜிஸ்டர் விலகலுக்காக, அதாவது ஒரு மை இன்னொன்றின் மேல் சரியாகப் பொருந்தாமல் விலகி விழுந்த மாதிரி காட்ட, சிவப்பையும் நீலத்தையும் இருபது பிக்சல் தள்ளியிருக்கிறீர்கள். ஏ3 தாளில் 300 டிபிஐ-யில் அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். முப்பதுக்கு நாற்பது அங்குலப் போஸ்டராக விரித்தால் நாலு மில்லிமீட்டருக்கு மேல். எந்த மிஷின்மேனும் அதை அச்சகத்தை விட்டு வெளியே போக விட்டிருக்க மாட்டார். ஒரே ஒரு லேயரை இரண்டு பிக்சல், ஒரே பக்கமாகத் தள்ளினால் போதும்.

இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு 1978-இல் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். சிலேட்டில் அவர் எழுதிப் பழகியது தும்பிக்கை லைதான். அந்த வயதுக்காரர்கள் பலர் இன்றும் கையெழுத்தில் அதைத்தான் போடுகிறார்கள். போஸ்டர் விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது என்றால், பூக்காரருக்குக் கொடுக்க என்று ஏதாவது சாக்குச் சொல்லி ‘மாலை – 2’ என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை ஸ்கேன் செய்து அடியில் ஒரு லேயராகப் போட்டு, அதன் மேல் தலைப்பை வரையுங்கள்.

அழுக்கை எல்லாம் எடுத்த பிறகு எனக்கு ஒரு முறை அனுப்புங்கள். அம்மாவின் கண்ணை மட்டும் தொடாதீர்கள்.